குழந்தைகளுக்கு எழுதி வாழ முடியுமா? பேங்க் வேலையை விடாத 'குழந்தைக் கவிஞர்' காட்டிய வழி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெருவுக்குத் தெரு அபாகஸ், டிராயிங், கீபோர்டு கிளாஸ் உண்டு. "என் பிள்ளை நல்லா கதை எழுதுறான், எங்க சேர்க்கலாம்?" என்று கேட்டால்தான் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். "எழுதினா சோறு போடுமா?" என்பது அடுத்த கேள்வி.

இந்த இரண்டுக்கும் தன் வாழ்க்கையிலேயே பதில் வைத்திருந்தவர் அழ. வள்ளியப்பா. 1922-ல் புதுக்கோட்டை பக்கம் ராயவரத்தில் பிறந்தவர். வேலை தேடி சென்னை வந்து 'சக்தி' பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தார். ஆசிரியராக இருந்த தி.ஜ.ர. "நீயும் எழுது" என்று தூண்ட, எழுத்து தொடங்கியது. 1941-ல் இந்தியன் வங்கியில் வேலை. ஓய்வு பெற்றது 1982-ல். நடுவில் 40 வருஷம் சம்பளம் கொடுத்தது பேங்க், எழுதியது குழந்தைகளுக்கு!

முதல் பாட்டுத் தொகுப்பு 'மலரும் உள்ளம்' 1944-ல் வந்தது. மொத்தமே 23 பாட்டு. அவருடைய லட்டுப் பாட்டு தெரியாத எல்.கே.ஜி. பிள்ளை இருக்குமா? தட்டு, லட்டு, எட்டு என்று ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும். அர்த்தம் புரிவதற்கு முன்னாலேயே வாய் பாடிவிடும். எழுத வருகிறவர்கள் பார்த்துக் கற்க வேண்டிய இடம் இதுதான். சொல் வீட்டில் புழங்குவதாக இருக்கணும், ஓசை நாக்கில் ஒட்டணும்.

கிளாஸ் எங்கே நடந்தது?

தனியாக வகுப்பறை எதுவும் கிடையாது. குழந்தைகளுக்கு எழுதுகிறவரை எழுத்தாளர் கணக்கிலேயே சேர்க்காத காலத்தில், 1950-ல் சென்னையில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. அதன் பின்னால் இருந்து ஓடியவர் வள்ளியப்பா. மாநாடு, புத்தகக் கண்காட்சி என்று புதியவர்களை அங்கே கூட்டி வந்தார். 'பூஞ்சோலை' போன்ற சிறுவர் பத்திரிகைகளை பேங்க் வேலைக்கு நடுவிலேயே பார்த்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு 1983 முதல் 1987 வரை 'கோகுலம்' ஆசிரியர். அங்கே நிறைய இளம் எழுத்தாளர்களை அறிமுகம் செய்தார். தன் பெயர் அச்சில் வந்த இதழைக் கையில் பிடித்த பிள்ளைக்கு வேறென்ன பயிற்சி வேணும்?

கடைசி கோரிக்கை

இத்தனைக்குப் பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது. குழந்தை இலக்கியம் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாக இல்லை. பாடமாக இருந்தால்தானே கற்றுக்கொடுக்க ஆளும், அந்த ஆளுக்கு வேலையும் வரும்? 1989 மார்ச்சில் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் இதை வலியுறுத்திப் பேசியபோதே மயங்கி விழுந்தார். மார்ச் 16-ம் தேதி உயிர் பிரிந்தது.

சாகித்ய அகாடமி குழந்தை இலக்கியத்துக்கென்று தனி விருது கொடுக்க ஆரம்பித்தது 2010-ல்தான். பால சாகித்ய புரஸ்கார் என்று பெயர், பரிசுத் தொகை 50,000 ரூபாய். 2019-ல் தமிழுக்கான அந்த விருதை வாங்கியவர் தேவி நாச்சியப்பன், வள்ளியப்பாவின் மகள்.