"ரெயிலே இல்லை" என்கிறதா செல்போன்?

பொங்கலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நண்பர் ஒருவர் கவலையோடு வந்தார்.

"அண்ணாச்சி, பொங்கலுக்கு ஊருக்கு ரெயிலே இல்லைன்னு காட்டுதே! கூடக் காசு கொடுத்து பஸ்ஸிலேதான் போகணுமா?" என்றார்.

செல்போனை வாங்கிப் பார்த்தேன். "அதிகாலைப் புறப்பாடு", "ஸ்லீப்பர்", "இடம் உள்ளவை மட்டும்" என்ற மூன்று கட்டங்களிலும் டிக் போட்டிருந்தது. அதிகாலை டிக்கை எடுத்தேன். இரவு வண்டி ஒன்று வந்தது. அதில் இடமும் இருந்தது!

ரெயில் இருக்கத்தான் செய்தது. சல்லடைதான் அதை மறைத்துவிட்டது.

மூன்று சல்லடை

பட்டியலைச் சலித்துக் கொடுக்கும் இந்த வசதிக்கு "பில்டர்" என்று பெயர். நேரம், வகுப்பு, இடம் என்று தனித்தனித் தலைப்புகளில் டிக் போடுவது, ஒன்றின் கீழ் ஒன்றாகச் சல்லடை வைப்பது போல. எல்லாவற்றிலும் தேறி வருவதுதான் திரையில் தெரியும். சல்லடை கூடக் கூடப் பட்டியல் குறையும்.

ஒரே தலைப்புக்குள் கதை வேறு. "காலை", "இரவு" இரண்டையும் தொட்டால், காலை வண்டி அல்லது இரவு வண்டி, எதுவானாலும் வரும். பட்டியல் பெருகும்.

"உம்" செய்யும் குழப்பம்

ஜவுளிக் கடையில், "சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் காட்டுங்க" என்கிறோம். கடைக்காரர் இரண்டு நிறத்திலும் எடுத்துப் போடுகிறார். நாம் சொன்னது "உம்". அவர் புரிந்துகொண்டது "அல்லது". கம்ப்யூட்டருக்கு அந்தச் சமயோசிதம் கிடையாது. "உம்" என்றே எழுதி வைத்தால், முழுக்கச் சிவப்பாகவும் முழுக்க நீலமாகவும் உள்ள ஒரே சட்டையைத் தேடிவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று கைவிரிக்கும்.

வாடகை வீட்டுக்கு "தண்ணீர்", "லிப்ட்" இரண்டையும் தொடுபவருக்கோ இரண்டும் வேண்டும். அங்கே "உம்"தான் சரி. ஒன்றுக்கு ஒன்று மாற்றானவைக்கு "அல்லது". சேர்ந்து இருக்கக் கூடியவைக்கு "உம்". திரையை வடிவமைப்போர் பொதுவாகக் கைக்கொள்ளும் முறை இது.

செருப்புத் தைப்பவர் மகன்

"உம்", "அல்லது", "இல்லை" என்ற சொற்களைக் கணக்காக்கியவர் இங்கிலாந்தில் பிறந்த ஜார்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன், கல்லூரியில் படித்துப் பட்டம் பெறாதவர். 1854-ல் அவர் நூலாக வெளியிட்ட இந்தக் கணக்கு, இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படைகளில் ஒன்று.

என்ன செய்யலாம்?

நல்ல திரை என்றால், போட்ட டிக்குகளை மேலே காட்டும். ஒவ்வொரு கட்டத்தின் பக்கத்திலும் எத்தனை தேறும் என்ற எண் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்க ஒரு பட்டன் இருக்கும். இவை இல்லாத இடத்தில் நாம்தான் உஷாராக இருக்க வேண்டும்.

"ஒன்றும் இல்லை" என்று வந்தால் மனம் தளராதீர்கள். டிக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். நண்பர் அப்படித்தான் பொங்கலுக்கு ஊர் போய்ச் சேர்ந்தார்.