ஆய்வுக்கூடம் - 6: விடையிலிருந்து தொடங்கும் ரெக்கார்டு நோட்டு

சென்ற வாரம் ஸ்டாப்வாட்ச்சையும் அளவுகோலையும் பார்த்தோம். அவை தந்த எண்களுக்கு நோட்டில் என்ன நேர்கிறது என்பது இந்த வாரம். இயற்பியல் ரெக்கார்டில் குறை என்றதும் அலகு விட்டுப்போனது, கிராஃப் அச்சுக்குப் பெயர் இல்லாதது என்று அடுக்குவார்கள். அதெல்லாம் சில்லறை, சிவப்பு மை தீர்த்துவிடும். பெரிய குறை, அறிக்கை விடையிலிருந்து பின்னோக்கி எழுதப்படுவதுதான். தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நூலில் 20 அலைவுகளுக்குச் சுமார் 40 விநாடி ஆகும். பொத்தானை அழுத்தும் விரல் 0.2 விநாடி முந்தலாம், பிந்தலாம். இது அரை சதவீதம். சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருவதால் ஒரு சதவீதமாகிவிடும். அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.1 அளவுக்கு ஐயம் உண்டு. நோட்டிலோ 9.8066 என்று நான்கு தசம இடம்! அந்த எண்ணே 1901இல் பன்னாட்டு மாநாடு ஒன்று தரமாக ஏற்றுக்கொண்டது. சென்னையில் உண்மை மதிப்பு ஏறக்குறைய 9.78தான். சென்னையில் தொங்கிய ஊசல் 9.8066 என்று சொன்னால், பேசியது ஊசல் அல்ல, புத்தகம்.

நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் மேற்புறம் வரை அளந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 1 செ.மீ. என்றால், 100 செ.மீ. நூலுக்கு விடை 9.68 ஆகக் குறையும். இதேபோல் மேற்புறம் வரையே நீளத்தை மாற்றி மாற்றிக் கவனமாக அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால், கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் சற்று விலகிச் செல்லும். நீள அச்சில் அந்த விலகலே குண்டின் ஆரம். கோட்டின் சாய்விலிருந்து கிடைக்கும் விடையோ பழுதில்லாதது. இவ்வளவையும் சொல்ல வந்த கோட்டை ஸ்கேல் வைத்து ஆதிப்புள்ளிக்கு இழுத்து வாயடைத்துவிடுகிறோம். பிறகு ‘மனிதப் பிழை, காற்றுத் தடை’ என்று ஒரு வரி. காற்று வீச்சைக் குறைக்குமே தவிர, அலைவு நேரத்தை அநேகமாகத் தொடுவதில்லை.

தெரிந்த விதியைச் சரிபார்க்கும் பயிற்சிக்கு இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். விதி தெரிந்ததுதான், தன் அளவீட்டை எதுவரை நம்பலாம் என்பது தெரியாதது, பயிற்சியே அதற்குத்தான். தொழில்முறை விஞ்ஞானிகளும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். காற்றின் பாகுநிலைக்குத் தவறான மதிப்பைக் கொண்டதால், இயற்பியலாளர் மில்லிகன் அளந்த எலெக்ட்ரான் மின்னூட்டம் சற்றுக் குறைவாக வந்தது. பின்வந்தவர்களின் மதிப்புகள் ஒரேயடியாகத் திருந்தாமல் படிப்படியாகவே ஏறின என்று 1974இல் இயற்பியலாளர் ஃபெயின்மன் சுட்டிக்காட்டினார். மில்லிகனிடமிருந்து அதிகம் விலகிய விடையில் பிழை தேடியவர்கள், நெருங்கி வந்ததில் அவ்வளவாகத் தேடவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ‘விடை சரியாக இருந்தால்தானே மார்க்?’ என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அது நியாயம், மாணவர் மார்க் போகும் வழியில்தான் போவார். எனவே என் வேண்டுகோள் திருத்துகிறவர்களுக்கு: 9.68 என்று எழுதி, ஆரத்தைச் சேர்க்காததைக் கண்டுபிடித்துச் சொல்லும் நோட்டுக்கு முழு மதிப்பெண் போடுங்கள்.

(தொடரும்)