இயந்திர விடையும் யப்பானிய மரியாதையும்

ஹட்டனைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிற் பொதிகட்டப்படும் தேயிலையின் தகுதியை இறுதியில் அறுதியிடுவது மனிதர் நாவேயாம். 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல் என 1980 இல் அனைத்துலகத் தர நிறுவனம் வகுத்த முறை, சாற்றை ஒரே சீராக ஆயத்தஞ்செய்ய உதவுமேயன்றிச் சுவையைக் கூறாது. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தை முன்னிட்டுச் சுவைஞர் கூறும் குறை தொழிற்சாலைக்குத் திரும்பிவந்து, கொழுந்தை வாட்டும் முறையையும் உருட்டும் முறையையும் திருத்துகின்றது. அவர் கொழுந்து பறிப்பவருமல்லர், உருளையை இயக்குபவருமல்லர். எனினும் அடுத்துவரும் தேயிலை அவர் சொல்வழியே நடக்கின்றது. செயற்கை நுண்ணறிவு தரும் விடைகளை மதிப்பிடுவோர் தொழிலும் இத்தகையதே.

அஃது நடைபெறுமாறு கூறுதும். கணினி பெருந்தொகையான எழுத்துக்களைப் பயின்று, ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் இயல்பு எனக் கணிக்கக் கற்கின்றது. அக்கல்வி மட்டும் நல்விடை தாராது. ஆதலின், ஒரு வினாவுக்கு அது தந்த இரு விடைகளை மனிதர் ஒருவர்முன் வைத்து, இவற்றுள் எது சிறந்தது என வினவுவர். இவ்வாறு திரண்ட தீர்ப்புக்களைக்கொண்டு பிறிதொரு நிரல், மனிதர் எதனை விரும்புவர் என ஊகித்துப் புள்ளியிடப் பழகும். அப்புள்ளி மிகுமாறு முதல் நிரல் திருத்தப்படும். 2022 இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வில் இப்பணியைச் செய்தோர் ஏறத்தாழ 40 பேரே. ஆயினும் அவர்தம் தீர்ப்பாற் றிருந்திய, 130 கோடி உள்ளெண்களையுடைய சிறு நிரலின் விடைகள், 17,500 கோடி உள்ளெண்களையுடைய பெருநிரலின் விடைகளினும் மேலாக விரும்பப்பட்டன. அவ்வாய்விற் கையாளப்பட்ட வினாக்களுள் நூற்றுக்கு 96 இற்கு மேற்பட்டவை ஆங்கில வினாக்கள் என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. ஆங்கிலத்திற் கற்ற பண்பு பிறமொழியில் அவ்வாறே செல்லுமோ? யப்பானிய மொழியை எடுத்து நோக்கின் இதற்கு விடை கிடைக்கும்.

யப்பானியம் தமிழருக்கு முற்றும் அந்நியமான மொழியன்று. வினை வாக்கிய இறுதியில் நிற்றலும், வேற்றுமை உருபு பெயரின்பின் வருதலும் இரண்டற்கும் பொது. பேராசிரியர் ஒனோ சுசுமு இவைபோன்ற ஒப்புமைகளைக்கொண்டு இருமொழிக்கும் உறவு நாட்ட முயன்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர்தம் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் அவ்வாய்வில் உடனுழைத்தனர். மொழியியலாளர் பெரும்பாலார் அம்முடிபை ஏற்றிலர். அது நிற்க, ஒப்புமை வெளிப்படை. மதிப்பீட்டாளரை வழுக்கி வீழ்த்துவதும் அவ்வொப்புமையே.

கல்லூரி அதிபரை ஒருவர் தொலைபேசியில் வினவுகின்றார் என்க. அலுவலக எழுதுநர், 'அதிபர் வெளியே சென்றிருக்கிறார்' என்பார். 'சென்றிருக்கிறான்' எனின் அவர் வேலை நிலையாது. யப்பானிய அலுவலகத்திலோ, வெளியாரோடு பேசுங்கால் தம் தலைவரும் தம்முள் ஒருவராகவே எண்ணப்படுவர். ஆகவே அவர் பெயரின்பின் 'சான்' என்னும் மரியாதைச் சொல் வாராது; வினையும் தாழ்வுரையாகவே அமையும். அதே தலைவரை நேரில் விளிக்குங்கால் உயர்வுரை வேண்டும். 'வருதல்' என்னும் ஒரு வினைக்கே மதிக்கப்படுவோர் வரவைக் குறிக்க 'இரஷ்ஷாரு' என்றும், தம் வரவைப் பணிந்து கூற 'மாயிரு' என்றும் வெவ்வேறு சொற்கள் உள. இயந்திரம் எழுதிய மடலொன்று வெளியாரிடம் தம் தலைவரை உயர்த்திக் கூறின், தமிழ்ச் செவிக்கு அது பண்புடைமையாகவே தோன்றும். யப்பானியருக்கோ சபை அறியாமையாகும். வாக்கிய அமைப்பிற் குற்றமில்லை, எழுத்திலும் பிழையில்லை. பிழை, யார் யாரிடம் யாரைப்பற்றிப் பேசுகின்றார் என்பதில் உள்ளது. அகராதி வல்லார் பலர் இதனைக் காணார்.

இனி, மொழி கைவந்தவரிடையேயும் தீர்ப்பு ஒத்துவருவதில்லை. மேற்கூறிய ஆய்வில், பயிற்றப்பட்ட மதிப்பீட்டாளர் தம்முள் ஒத்தது நூற்றுக்கு ஏறத்தாழ 73 முறையே. நீண்ட விடையை நிறைந்த விடை என மயங்குதலும், தம் கொள்கைக்கு இசைந்ததை உண்மை என மயங்குதலும் மதிப்பீட்டாளர்பால் உள்ள நோய்கள். அந்நோய் இயந்திரத்தையும் தொற்றும். நீட்டி முழக்கினால் புள்ளி வருமென அது கற்றுக்கொள்ளும். வினாத்தாள் திருத்துவோர்க்கு இது புதிய செய்தியன்று. ஒழுகிய நடையில் வரும் பொய்யே எல்லாவற்றினும் கொடியது. ஆண்டு, பெயர், எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஒப்புநோக்குதல் சலிப்பூட்டும் வேலை. எனினும் கூலி அதற்கே தரப்படல் வேண்டும்.

யப்பானிய விடைகளைத் தீர்க்க யப்பானியர் உளர். மலையகத் தமிழின் நிலை யாது? தோட்டத்திலே 'பேர்' என்பது ஒருநாட் சம்பளத்துக்குரிய பதிவு. குறித்த நிறையிற் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' விழும். 'எனக்கு ஏன் அரைப்பேர் போட்டார்கள்?' எனத் தொழிலாளி ஒருவர் வினவின், பெயரைச் சுருக்கி எழுதும் வழக்கம் பற்றி இயந்திரம் இலக்கண வழுவின்றி விரித்துரைத்தல் கூடும். தோட்டத்தை அறியாத மதிப்பீட்டாளர் ஒருவர் அதனைப் படித்து, நடை நன்று, விளக்கம் நன்று என முழுப்புள்ளி இடுவார். சம்பளங் குறைந்தவருக்கு மட்டும் அவ்விடை பயன்படாது.