புதிய படகின் பழுதும் உத்தரவாத உரிமையும்

இந்தியக் கடற்கரையில் இயந்திரப் படகுகளின் வரலாறு எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 1952-ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவை செய்துகொண்ட முத்தரப்பு உடன்பாட்டின் விளைவாக, கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரை - சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய - நார்வே திட்டம் செயற்படுத்தப்பட்டது. துடுப்பையும் பாயையும் மட்டுமே நம்பியிருந்த மீனவருக்கு இயந்திரம் பொருத்திய படகு அறிமுகமாயிற்று. பின்னர், மீனவர் பேச்சில் 'பைபர் படகு' என்று வழங்கும் கண்ணாடி இழைப் படகும், படகின் பின்புறத்தில் மாட்டப்படும் வெளிப்பொருத்து இயந்திரமும் நாட்டின் இரு கரைகளிலும் பரவின.

இம்மாற்றம் மீன்பிடிப்பின் ஆற்றலைப் பெருக்கியதோடு, படகை வாங்குபவருக்கும் கட்டுபவருக்கும் இடையிலிருந்த உறவையும் மாற்றிவிட்டது. மரப் படகு கட்டிய காலத்தில் தச்சரும் மீனவரும் பெரும்பாலும் அண்டை ஊரினர். பலகை தேர்ந்தெடுப்பது முதல் படகு நீரில் இறங்குவது வரை வாங்குபவர் அருகிலிருந்தே பார்த்தார். ஒழுக்கு ஏற்பட்டால் அதே தச்சர் வந்து அடைத்துக் கொடுத்தார். இன்றோ படகு வேறொரு மாவட்டத்துப் பட்டறையிலிருந்தும், இயந்திரம் ஒரு விற்பனை முகவர் வழியாகவும் வருகின்றன. முன்பு நேரடிப் பழக்கம் அளித்த பாதுகாப்பை இப்போது உத்தரவாதச் சீட்டு என்னும் காகிதமே அளிக்க வேண்டியிருக்கிறது. அக்காகிதம் பயன் தருமா என்பது, படகைப் பெற்றுக்கொள்ளும் நாளிலும் பழுது தோன்றிய முதல் சில நாள்களிலும் மீனவர் செய்வதைப் பெரிதும் பொறுத்தது.

கரையில் நிற்கும் படகின் செலவு

வீட்டுக்கு வாங்கிய மின்விசிறி பழுதுபட்டால் அசௌகரியம் மட்டுமே நேரும். படகு பழுதுபட்டால் வருவாயே நின்றுவிடுகிறது. வங்கிக் கடனின் தவணையோ நிற்பதில்லை. உடன் வரும் தொழிலாளர் வேறு படகு தேடிச் செல்கின்றனர். மீன் மிகுதியாகக் கிடைக்கும் பருவம் சில வாரங்களே நீடிப்பதால், அக்காலத்தில் இழந்த நாள்களை ஆண்டின் பிற்பகுதியில் ஈடுசெய்வது அரிது. ஆதலின் பழுதை இலவசமாக நீக்கித் தருவது மட்டும் போதாது. விரைவாக நீக்கித் தருவதும் உத்தரவாதத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

பழுதின் வகைகள்

உத்தரவாதம் எல்லாப் பழுதுகளுக்கும் பொருந்துவதில்லை. கட்டுமானக் குறை, பயன்பாட்டால் நேர்ந்த சேதம், இயல்பான தேய்மானம் என்று பழுதுகளை மூவகையாகப் பிரிக்கலாம். இவற்றுள் முதல் வகைக்கே பட்டறையும் தயாரிப்பாளரும் பொறுப்பாவர்.

கண்ணாடி இழைப் படகு, இழைப் பாய்களை அடுக்கடுக்காக வைத்து, இறுகும் தன்மையுள்ள பிசினில் தோய்த்துச் செய்யப்படுகிறது. பிசினுடன் கலக்கும் ஊக்கிப் பொருளின் அளவு பிசகினாலும், காற்றில் ஈரம் மிகுந்த நாள்களில் தக்க பாதுகாப்பின்றி வேலை நடந்தாலும், பிசின் முழுமையாக இறுகாது. அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழிகள் தங்கினால் அவ்விடங்கள் நாளடைவில் பிரிந்துவிடும். மேற்பூச்சின் அடியில் நீர் ஊடுருவினால் கொப்புளங்கள் தோன்றும். சிறு சுத்தியலால் படகின் உடலை மெல்லத் தட்டினால், நன்கு ஒட்டிய இடம் கணீரென்றும் பிரிந்த இடம் மந்தமாகவும் ஒலிக்கும். அனுபவமுள்ள மீனவர் எவரும் இச்சோதனையைச் செய்துவிடலாம். இவை பெரும்பாலும் கட்டுமானக் குறைகளே. மாறாக, பாறையில் மோதியதாலோ கரையில் இழுத்ததாலோ விழுந்த கீறல் உத்தரவாதத்தில் அடங்காது.

இயந்திரத்திலும் இவ்வேறுபாடு உண்டு. தீப்பொறிச் செருகி, குளிர்நீர் இறைக்கும் சக்கரம் போன்ற தேயும் உறுப்புகளை உத்தரவாதச் சீட்டுகள் வழக்கமாக விலக்கிவிடுகின்றன. பெட்ரோலுக்காக வடிவமைத்த இயந்திரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினால் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். கேரளக் கரையில் மண்ணெண்ணெய்ப் பயன்பாடு பரவலாக இருந்துவந்துள்ளமையால், அந்த எரிபொருளுக்கென அமைந்த இயந்திரம்தானா என்பதை வாங்கும்போதே எழுத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது. உல்லாசப் பயணத்துக்குப் பயன்படும் இயந்திரத்தைவிடத் தொழிலுக்குப் பயன்படும் இயந்திரத்துக்குக் குறைந்த உத்தரவாதக் காலமே அளிக்கும் வழக்கமும் உண்டு. இதனையும் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரு உத்தரவாதங்கள் சந்திக்கும் இடம்

படகுக்குப் பட்டறையும் இயந்திரத்துக்கு அதன் தயாரிப்பாளரும் தனித்தனியே உத்தரவாதம் தருகின்றனர். இவ்விரண்டும் சந்திக்குமிடம், இயந்திரத்தைத் தாங்கும் பின்பலகை. சச்சரவு எழும் இடமும் அதுவே. ஆணித் துளைகளைச் சரிவர அடைக்காவிட்டால் பலகையின் உள்ளிருக்கும் மரத்தில் நீர் இறங்கி அது நைந்துபோகும். அப்போது இயந்திரம் அதிரும். பலகையில் வெடிப்புத் தோன்றும். 'தாங்கும் சக்திக்கு மேற்பட்ட இயந்திரத்தை மாட்டிவிட்டனர்' என்பது பட்டறையின் வாதமாக இருக்கும். 'பலகை வலுவற்றது' என்பது முகவரின் வாதமாக இருக்கும். இவ்விருவருக்குமிடையே மீனவர் அலைய நேரிடும்.

இந்நிலையைத் தவிர்க்க இரண்டு முன்னெச்சரிக்கைகள் உதவும். முதலாவது, படகு எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு எடையுள்ள இயந்திரத்தைத் தாங்கும் என்பதைப் பட்டறையிடமிருந்து எழுத்தில் பெறுதல். இரண்டாவது, பழுது தோன்றியதும் இரு தரப்பினரையும் ஒரே நாளில் வரவழைத்துக் கூட்டாகப் பார்வையிடச் செய்து, கண்டவற்றைப் பதிவு செய்து கையொப்பம் பெறுதல். ஒரு தரப்பு வர மறுத்தால், அழைப்பு அனுப்பியதற்கான சான்றே பின்னர் உதவும்.

படகைப் பெற்றுக்கொள்ளும் நாள்

1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் ஒரு முக்கியமான வேறுபாட்டை வகுத்துள்ளது. ஒப்பந்தத்தின் அடிப்படையான நிபந்தனை மீறப்பட்டால் வாங்குபவர் சரக்கையே மறுக்கலாம். துணை உறுதி மீறப்பட்டால் இழப்பீடு கோரலாமேயன்றிச் சரக்கை மறுக்க இயலாது. அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகு நிபந்தனை மீறலும் பொதுவாகத் துணை உறுதி மீறலாகவே கருதப்படும். 41-ஆம் பிரிவு, ஏற்குமுன் சரக்கைச் சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பை அளிக்கிறது. 42-ஆம் பிரிவோ, நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்கிறது.

ஆகவே, படகை நீரில் இறக்கி, முழுச் சுமையுடன் ஓட்டிப் பார்த்த பின்னரே ஏற்புச் சீட்டில் கையொப்பமிடுவது முறை. அதற்கு முன்பே கையொப்பம் கேட்டால், 'கடலோட்டச் சோதனைக்கு உட்பட்டு' என்று எழுதிக் கையொப்பமிடலாம்.

உத்தரவாதக் காலம் எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் 61 நாள்கள் மீன்பிடித் தடை நடைமுறையில் உள்ளது. தடைக்கு உட்பட்ட படகைத் தடைக்காலத் தொடக்கத்தில் பெற்றுக்கொண்டால், ஓராண்டு உத்தரவாதத்தில் இரண்டு மாதங்கள் படகு கரையில் நிற்கும்போதே கழிந்துவிடும். முதல் கடலோட்ட நாளிலிருந்து காலத்தைக் கணக்கிடவும், செப்பனிடுவதில் கழியும் நாள்களை உத்தரவாதக் காலத்துடன் சேர்க்கவும் ஒப்பந்தத்திலேயே இடம் பெறுவது சாலச் சிறந்தது.

முறையீட்டின் படிகள்

பழுது தெரிந்தவுடன் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பலரின் வழக்கம். வாய்மொழி முறையீடு, உத்தரவாதக் காலம் முடிந்த பின் மறுக்கப்படுவது எளிது. படகு எண், இயந்திர எண், வாங்கிய நாள், பழுது முதலில் காணப்பட்ட நாள், ஓடிய மணிக்கணக்கு, பழுதின் விவரம், எத்தனை நாள்களுக்குள் நீக்கித் தர வேண்டும் என்னும் கோரிக்கை ஆகியவற்றைக் கடிதமாக எழுதி, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் அனுப்புதல் வேண்டும். ஒளிப்படங்களும் உடன் இருத்தல் நலம்.

ஒழுகும் படகைக் கடலுக்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. 'சேதத்தைப் பெருக்கியவர் வாங்கியவரே' என்ற வாதத்துக்கும் அது இடமளிக்கும். அதுபோலவே, அங்கீகாரம் பெறாத பழுதுபார்ப்பவரிடம் இயந்திரத்தைப் பிரிக்கக் கொடுப்பதும் உரிமையைப் பாதிக்கலாம். அவசரத்தால் அவ்வாறு செய்ய நேர்ந்தால், கழற்றிய உறுப்புகளையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும்.

இழந்த வருவாயைக் கோருவதற்கும் சான்று தேவை. பழுதுக்கு முந்தைய மாதங்களின் ஏலச் சீட்டுகள், சங்கக் கணக்குகள், எரிபொருள் பற்றுச்சீட்டுகள் ஆகியவை கரையில் நின்ற நாள்களின் இழப்பை மதிப்பிட உதவும்.

நுகர்வோர் ஆணையத்தின் உதவி

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்னும் வரையறையிலிருந்து விலக்குகிறது. இதைக் காட்டி, படகு தொழிற்கருவியாதலால் மீனவர் நுகர்வோர் அல்லர் என்று வாதிடப்படலாம். ஆனால், சுயதொழில் வாயிலாகப் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் இவ்விலக்கில் சேராது என்று அதே சட்டம் விளக்குகிறது. பழைய சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின் தொடர்ச்சியே இது. 1995-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோரிக்ஷா வாங்கியவர் நுகர்வோரே என்றும், ஓரிருவரின் உதவியைப் பெறுவதால் அந்நிலை மாறாது என்றும் தெளிவுபடுத்தியது. தாமே கடலுக்குச் செல்லும் சிறுபடகு உரிமையாளருக்கு இக்கோட்பாடு துணை நிற்கும். பல படகுகளை ஆள் வைத்து இயக்குபவரின் நிலை வேறு. அவர் பொதுவாக உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும்.

2021 டிசம்பரில் வெளியான விதிகளின்படி, செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரை மாநில ஆணையத்திலும், அதற்கும் மேற்பட்டால் தேசிய ஆணையத்திலும் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் ஏதுமில்லை. பட்டறை வேறு மாநிலத்தில் இருந்தாலும், தாம் குடியிருக்கும் அல்லது தொழில் புரியும் இடத்து ஆணையத்திலேயே முறையிட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. கடற்கரைச் சிற்றூரில் வாழ்பவருக்கு இது பெரும் சலுகை. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். பின்பலகை போன்ற சச்சரவுகளில் பட்டறை, முகவர், இயந்திரத் தயாரிப்பாளர் ஆகிய மூவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பது விவேகம்.

குறையைச் சோதனையின்றி அறிய இயலாவிடில், ஆணையம் மாதிரியைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களுக்குள் அறிக்கை கேட்கலாம். முழுப் படகையும் அனுப்ப இயலாதாயினும், உடலிலிருந்து வெட்டியெடுத்த சிறு துண்டைச் சோதிக்க முடியும். சோதனை தேவைப்படாத வழக்குகளை மூன்று மாதங்களிலும், தேவைப்படுபவற்றை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். குறை மெய்ப்பிக்கப்பட்டால், பழுதை நீக்கவும், பொருளை மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு ஈடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். வழக்கு தொடுக்குமுன், 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகினால் சமரசத்துக்கும் வழியுண்டு.

திட்டங்களின் பொறுப்பு

தனி மீனவர் ஒருவர் ஒப்பந்த வாசகத்தை மாற்றும்படி பட்டறையை இணங்கச் செய்வது எளிதன்று. சேர்ந்து வாங்குவோருக்கு அவ்வலிமை உண்டு. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, தானே படகுப் பட்டறைகளை நடத்தியும், இயந்திரங்களுக்கு உதிரி உறுப்புகளும் பழுதுபார்க்கும் வசதியும் அளித்தும் இதற்கு ஒரு வழியைக் காட்டியுள்ளது. கட்டியவரும் பயன்படுத்துபவரும் ஒரே அமைப்பினுள் இருக்கும்போது, பழைய ஊர்த் தச்சரின் பொறுப்புணர்வு புதிய வடிவில் மீண்டும் கிடைக்கிறது.

அரசின் பங்கும் சிறிதன்று. 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பயனாளிகளுக்குரிய பணிகளுக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு 60 விழுக்காடும் உதவித்தொகை வழங்க வகை செய்யப்பட்டது. பொதுப்பணம் சேரும் ஒவ்வொரு படகுக்கும் ஒரு மாதிரி உத்தரவாதப் படிவம் இணைக்கப்படுமாயின், அதன் பயன் பெரிதாகும். கடலோட்டச் சோதனை, உத்தரவாதக் காலத்தின் தொடக்கம், பழுதை நீக்க வேண்டிய கெடு, கூட்டுப் பார்வையீடு ஆகிய நான்கும் அதில் இடம்பெற்றாலே போதும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற அமைப்புகளின் அறிவும் இதற்குத் துணையாகும்.

உதவித்தொகையின் வெற்றியை வழங்கப்பட்ட படகுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. ஓராண்டுக்குப் பின் அவற்றுள் எத்தனை படகுகள் கடலுக்குச் சென்று வருகின்றன என்பதே மெய்யான அளவுகோல். மீனவர் கடன்பட்டு வாங்கிய படகு பருவம் முழுவதும் நீரில் இருப்பதற்கு, தெளிவாக எழுதிய உத்தரவாதமும் காலந்தாழ்த்தாத முறையீடும் இன்றியமையாதவை.