இருட்டறையும் இரண்டு மணி நேரமும்

பேறுகால ஜன்னி என்றாலே அன்று பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கர்ப்பிணிக்குக் கால் வீங்கினால், "நீர் கோத்திருக்கு, பிள்ளை பிறந்தா வடிஞ்சிடும்" என்று பெரியவர்கள் தேற்றுவார்கள். தலைவலி வரும், கண் மங்கும், அதற்கும் காத்திருப்பார்கள். வலிப்பு கண்ட பிறகே ஆஸ்பத்திரி. அங்கே அவளுக்கென்று ஓர் இருட்டறை இருந்தது. சன்னலில் கறுப்புத் திரை, கட்டிலின் இருபுறமும் கம்பி, நாக்கைக் கடித்துக்கொள்ளாதிருக்கப் பற்களுக்கிடையே துணி சுற்றிய கட்டை. சென்னை மருத்துவர் எம்.கே. கிருஷ்ண மேனன் 1961-இல் எழுதிய குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் கலவை நெடுங்காலம் கைகொடுத்தது. தாயை ஆழ்ந்து உறங்க வைப்பதே அன்றைய சிகிச்சை.

இன்று மெக்னீசியம் சல்பேட் ஊசி. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் கண்ட கர்ப்பிணிகளுக்கு இதைப் போட்டால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே குறைகிறது என்று 2002-இல் மேக்பை ஆய்வு காட்டியது. முழங்காலில் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீரை அளந்த பிறகே அடுத்த ஊசி. அதற்கும் வெகு முன்பே, 140/90 என்ற ரத்த அழுத்த எண் எச்சரித்துவிடுகிறது.

சர்க்கரையின் கதையும் இதுதான். அன்று சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலோடு சிறுநீரைக் காய்ச்சுவார்கள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை. ரத்தத்தில் நன்றாக ஏறிய பிறகே சிறுநீரில் தெரியும் என்பதால், மிதமாக ஏறியவர்கள் தப்பிவிடுவார்கள். குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துப் பிரசவம் சிக்கும்போதுதான் காரணம் புரியும். மருத்துவர் வி. சேஷையா போன்றோர் வலியுறுத்திவந்த ரத்தச் சர்க்கரைச் சோதனையைத் தமிழ்நாடு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. சாப்பிட்டு வந்தாலும் சரி, வெறும் வயிறானாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துத் தருகிறார்கள். குமட்டலை அடக்கிக்கொண்டு குடித்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில் 2 மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் வரவேண்டும். பிறகு ரத்தச் சர்க்கரை 140-ஐத் தொட்டால் உணவுக் கட்டுப்பாடு, நடை. அதற்கும் இறங்காவிட்டால் மருந்து.

2001-03-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 134 தாய்மார் இறந்தார்கள்; 2018-20-இல் 54. இந்த இறக்கத்தில் ஊசிக்கும் எண்களுக்கும் பங்குண்டு.

இழந்ததும் உண்டு. ஆசைப்பட்டதைச் சாப்பிடும் மாதங்கள், அளந்து சாப்பிடும் மாதங்களாகிவிட்டன. வளைகாப்புத் தட்டில் உள்ள இனிப்பை அவள் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். தமிழ்நாட்டில் 2015-16-இல் நூற்றுக்கு 34.1 ஆக இருந்த அறுவைப் பிரசவம் 2019-21-இல் 44.9. காரணங்கள் பல, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவற்றில் சேர்த்தி.

அன்று குளுக்கோஸ் சோதனை கிடையாது. ஆனால் பிள்ளை பெற்ற நாற்பது நாளும் தாய்வீட்டார் கண் அவள் மேலேயே இருந்தது. இன்று சோதனை இருக்கிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவளுக்குப் பின்னாளில் அது நிலைத்துவிடக்கூடும் என்பதால், பிரசவமான ஆறாவது வாரம் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை வீறிட்டு அழுகிறது. அள்ளித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி, தனக்குரிய குளுக்கோஸ் தண்ணீரைக் கேட்காமலேயே பலர் வீடு திரும்பிவிடுகிறார்கள்.