இயந்திரம் வாங்குமுன்

சென்ற விடுமுறையில் சத்தியவேடு சென்றிருந்தோம். செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1960-ஆம் ஆண்டு எல்லை மாற்றத்தின்போது ஆந்திரத்துடன் இணைந்த ஊர் அது என்பதை அன்பர்களில் மூத்தோர் அறிவர். இன்று அருகிலேயே ஸ்ரீசிட்டித் தொழில் நகர் எழுந்து நிற்கிறது. 2016-இல் இஸுஸு மோட்டார் தொழிற்சாலையும் அங்கே திறக்கப்பட்டது. வேலை நாடி வந்த இளைஞர் பலர் சுற்றுப்புறங்களில் அறையெடுத்துத் தங்கியுள்ளனர்.

அவர்களை நம்பிப் புளியோதரைப் பொடி விற்கத் திட்டமிட்டிருந்தான் நம் தமக்கை மகன். அரைக்கவும் உறையிடவும் இயந்திரம் வேண்டுமாம். மூன்று இலட்ச ரூபாய் கேட்டான். அயலூரில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நாம் சேர்த்த பணம் அது! திட்டத்திற்குச் சான்றாக, எரிக் ரீஸ் என்ற அமெரிக்கர் 2011-இல் வெளியிட்ட ‘தி லீன் ஸ்டார்ட்டப்’ என்னும் நூலையும் நீட்டினான்.

இரண்டு இரவுகளில் படித்து முடித்தோம். ஆறு திங்கள் அரும்பாடுபட்டு ஆக்கிய மென்பொருளை வாடிக்கையாளர் விரும்பாமையால், அதன் பெரும்பகுதியைக் கழித்துக்கட்ட நேர்ந்த தம் கதையை ஆசிரியர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முதலில் சிறிதாகச் செய்து, வாங்குவோரிடம் காட்டி, பின்னரே பெருக்குக என்பது அவர் கொள்கை.

“எத்தனை பேர் வாங்கினார்கள்?” என்று மருமகனைக் கேட்டோம்.

“இயந்திரம் வந்த பிறகுதானே, மாமா!” என்றான்.

கடலூர் சி. கே. ரங்கநாதனின் வரலாற்றை அவனுக்கு எடுத்துரைத்தோம். 1983-இல் பதினையாயிரம் ரூபாய் முதலுடன் ‘சிக்’ ஷாம்புத் தொழிலைத் தொடங்கியவர் அவர். புட்டி வாங்க இயலாதோரும் வாங்கும்படி சிறு உறைகளில் விற்றார். சிற்றூர்தோறும் ஆட்களை அனுப்பி, பள்ளிச் சிறுவரின் தலையை அலசிக் காட்டச் செய்தார். ஏழையரும் வாடிக்கையாளரே என விளக்கிய சி. கே. பிரகலாதின் புகழ்பெற்ற நூல் வெளிவந்ததோ 2004-இல்தான்.

ஒன்று மட்டும் நமக்குக் குறையாகவே பட்டது. மளிகைக் கடைக்காரர் சரக்கை வாங்கிக்கொண்டு, “அடுத்த மாதம் பார்ப்போம்” என்று சொன்னால் என்ன செய்வது? நம் ஊர் வாணிகத்தில் பலரின் முதல் முடங்குவது இங்கேதான். அமெரிக்க நூலில் அதற்கு விடை காணோம். ஆகவே, ரொக்கத்திற்கன்றிக் கொடுக்கலாகாது என்று நாமே விதித்தோம்.

தமக்கையார் வீட்டு மிக்ஸியில் அரைத்த நாற்பது பொட்டலங்களுடன், ஒரு ஞாயிறன்று அறை அறையாகச் சென்றான் பிள்ளை. பதினொன்று விற்றன. வடபுலத்து இளைஞர் புளிப்பு மிகுதி என்றனராம். பருப்புப் பொடி உண்டா என்று கேட்டவர் பலராம். இப்போது பருப்பு வறுபடுகிறது. மூன்று இலட்சமும் வங்கியில்தான் இருக்கிறது.