கொப்பித் தாளில் வடிந்த கோப்பி

விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நாம் எல்லோரும் வடித்துப் பார்த்திருக்கிறோம். புனலுக்குள் மடித்த வடிதாள், கீழே முகவை, மேலே சேற்று நீர். மண் தாளில் தங்கிவிடும்; தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். இதே முறையைக் கோப்பிக்குக் கொண்டுவந்தவர் ஓர் இல்லத்தரசி.

ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் வாழ்ந்த மெலிட்டா பென்ட்ஸ் என்பவருக்குக் கோப்பையின் அடியில் கிடக்கும் மண்டியும் அதனால் ஏறும் கசப்பும் பிடிக்கவில்லை. பித்தளைப் பாத்திரம் ஒன்றின் அடியை ஆணியால் துளைத்தார். மகனின் பாடசாலைக் கொப்பியிலிருந்து மையொற்றுத் தாளை எடுத்து உள்ளே வைத்தார். அதன்மேல் கோப்பித் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றினார். 1908ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி இந்த வடிக்கு ஆக்கவுரிமை கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு மார்க்கிலும் குறைந்த முதலுடன், தன் பெயரிலேயே நிறுவனமொன்றைப் பதிவுசெய்தார். கொப்பியிலிருந்து கோப்பி பிறந்த கதை இதுதான். இந்தச் சொல் விளையாட்டு தமிழில் வரும். ஜேர்மானியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எங்கள் வீட்டுக்கு இந்தத் தாள் வந்ததற்குக் காரணம் வாப்பாவின் இரத்தப் பரிசோதனை. கொலஸ்திரோல் கூடியிருந்தது. பொரியலைக் குறைத்தோம், இறைச்சியைக் குறைத்தோம். சுபஹுக்குப் பின் ஒன்று, அசருக்குப் பின் ஒன்று, இரவில் ஒன்று என மூன்று கோப்பை கோப்பியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. உம்மா தூளைக் கேத்தலில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, மண்டி அடங்கியதும் ஊற்றிக் கொடுப்பார். எங்கள் ஊரில் கோப்பி என்றால் அதுதான்.

கோப்பிக்கொட்டையில் எண்ணெய்த் தன்மையுள்ள சில சேர்வைகள் உண்டு. அவற்றில் முக்கியமானது கஃபெஸ்டோல். இது இரத்தத்தில் கெட்ட கொலஸ்திரோலை உயர்த்தக்கூடியது. கொதிக்கவைத்த கோப்பியை அதிகம் குடிக்கும் நோர்வே மக்களிடம் கொலஸ்திரோல் கூடியிருப்பதை 1980களில் ஆய்வாளர்கள் கவனித்தார்கள். பின்னர் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தறிந்தார்கள். கடுதாசியின் நுண்ணிய இழைகள் இந்த எண்ணெயில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. கம்பிவலை வடியில் அது நடப்பதில்லை. மண்டியை அடங்கவிட்டாலும் எண்ணெய் நீரோடு கோப்பைக்கு வந்துவிடும். உடனடிக் கோப்பித் தூளிலும் கஃபெஸ்டோல் மிகக் குறைவுதான். ஆனால் வாப்பா அதைக் கோப்பி என்று ஒப்புக்கொள்வதே இல்லை.

தாள் கஃபேனைத் தடுக்காது. இரவில் தூக்கம் வராதவருக்கு வடித்த கோப்பியிலும் தூக்கம் வராது. வைத்தியர் தந்த மாத்திரையை நிறுத்துவதற்கும் இது காரணமாகாது.

இனிச் செய்முறை. கூம்பு வடியும் அதற்குரிய தாளும் பெரிய கடைகளில் கிடைக்கின்றன. வடியை வாங்க முடியாவிட்டால், துப்புரவான பீங்கான் அல்லது உருக்குப் புனல் போதும். தாளை மட்டும் உணவுக்கென்றே செய்யப்பட்டதாக வாங்குங்கள். மெலிட்டா கொப்பித் தாளை எடுத்தார் என்பதற்காக நீங்களும் கணிதக் கொப்பியைக் கிழிக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது தூளின் பருமன். கடைத் தூள் மா போல நைசானது. கொதிக்கவைப்பதற்கு அது பொருத்தம். தாளிலோ சேறுபோல் அடைத்துக்கொள்ளும். நாங்கள் மாவனல்லையிலிருந்து சாச்சி அனுப்பும் கொட்டையை வறுத்து, கைமில்லில் ஆற்றுமணல் பருமனுக்கு அரைக்கிறோம். மில்லில் கொடுத்து அரைப்பதானாலும் "ரவையை விடக் கொஞ்சம் பெரிதாக" என்று சொல்லுங்கள். முதல் தடவை மில்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்பார்.

ஒரு பெரிய கோப்பைக்கு 15 கிராம் தூள், 250 மில்லிலீற்றர் நீர். தராசு இல்லையென்றால் மட்டமாக மூன்று மேசைக்கரண்டி. தாளை வடியில் வைத்து முதலில் வெறும் வெந்நீரால் நனைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். கடுதாசி வாசம் போய்விடும். நீரின் வெப்பநிலை 92 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. கொழும்பிலோ காத்தான்குடியிலோ நீர் கொதித்ததும் மூடியைத் திறந்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும். நுவரெலியாவில் இருப்பவர்கள் பொறுக்கத் தேவையில்லை. அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும்.

தூளைப் போட்டு, அது நனையும் அளவுக்கு 30 மில்லிலீற்றர் மட்டும் ஊற்றி அரை நிமிடம் நில்லுங்கள். தூள் பொங்கி எழும், குமிழி விடும். வறுக்கும்போது கொட்டைக்குள் அடைபட்ட காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. அது போகாவிட்டால் நீர் தூளுக்குள் சரியாக இறங்காது. பழைய தூள் பொங்காது. தூளின் வயதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு மீதி நீரை நடுவிலிருந்து வட்டமாக, மெல்லிய தாரையாக, இரண்டு மூன்று தடவையில் ஊற்றுங்கள்.

மொத்தம் மூன்று நிமிடமளவில் வடிந்து முடிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிட்டால் கோப்பி புளிக்கும், சப்பென்றிருக்கும். அடுத்த முறை சற்று நைசாக அரைக்க வேண்டும். ஐந்து நிமிடம் இழுத்தால் கசக்கும். பருமனைக் கூட்ட வேண்டும். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆய்வுகூடத்தில் ஆசிரியை சொல்லும் கட்டுப்பாட்டுப் பரிசோதனையும் இதுதானே.

வாப்பா முதல் கோப்பையைக் குடித்துவிட்டு, "இதென்ன மகள், சாயத் தண்ணி" என்றார். எண்ணெய் போனால் நாக்கில் கனமும் போகத்தான் செய்யும். அவர் தேடியது வேர்க்கொம்புக் காரத்தையும்தான் என்று உம்மா கண்டுபிடித்தார். இப்போது தட்டிய வேர்க்கொம்பை நீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து, அந்த நீரைத்தான் தூளில் ஊற்றுகிறோம். காரம் வடிதாளைக் கடந்து வந்துவிடுகிறது. சீனியையும் பாதியாக்கலாமா என்று உம்மா கேட்டிருக்கிறார். வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனை வரும் மாதம்.